அதிகாரியின் இடுப்பும் ஐந்தாம் கேள்வியும்

தையல்கடையின் கண்ணாடிக் கதவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சுவரொட்டி ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. "அத்தகைய குடிமக்களும் தயங்காது முன்வருக!" எத்தகைய என்பதற்கு அதில் எங்கும் விளக்கமில்லை. அதை எழுதிய வட்டார அதிகாரி, இதே பொருளில் பொதுமண்டபத்தில் நாற்பது நிமிடம் பேசியிருந்தார். ஆணோடு வாழும் ஆண், பெண்ணோடு வாழும் பெண், திருநங்கை, திருநம்பி என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம். நாற்பது நிமிடத்தில் அவற்றில் ஒன்றுகூட அவர் வாயில் நுழையவில்லை. கைதட்டல் பலமாக இருந்தது, பேச்சு ஒருவழியாக முடிந்ததே என்று.

கடைக்காரரான மாஸ்டரும் லிஃப்ட் மெக்கானிக்கும் 'அத்தகையோர்'தான். கடைக்கு மேல்மாடியில் இருபத்திரண்டு வருடமாக ஒரே வீடு, ஒரே அலமாரி, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஒரே சண்டை.

"முதல் கணக்கெடுப்புல என்னைச் சித்தப்பா மகன்னு சொன்ன," என்றார் மெக்கானிக். "அடுத்ததுல வாடகைக்கு இருக்கிறவர்னு சொன்ன. சொந்தத்துல இருந்து வாடகைக்கு இறங்கியாச்சு. இந்தத் தடவை என்ன, பூனையா?"

"பூனையை எல்லாம் எண்ண மாட்டாங்க."

"அப்போ என்னையும் எண்ண வேணாம். அன்னிக்கு நான் வேலைக்குப் போயிடறேன். பொய்யா எண்ணுறதுக்கு, எண்ணாமலே விடட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஜன்னலைப் பற்றி அன்று அவர் சண்டை போடவில்லை. மாஸ்டருக்கு அதுதான் உறுத்தியது.

"வெளியில தெரிஞ்சா வாடிக்கை போயிடும்யா," என்றார்.

மறுநாள் மாலை அதிகாரியே கடைக்கு வந்தார். கணக்கெடுப்புத் தொடக்க விழாவுக்கு அவருக்குக் கோட்டும் பேன்ட்டும் வேண்டும். மாஸ்டர் டேப்பைப் பிடித்து அளவைத் தெருவுக்கே கேட்கும்படி கூவுவார். வேலை முடிந்து வந்த மெக்கானிக் நோட்டில் எழுதுவார். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"தோள் பதினெட்டு. கை இருபத்திநாலு. இடுப்பு முப்பத்தெட்டு!"

அதிகாரி தொண்டையைச் செருமினார். "முப்பத்திநாலுன்னு போட்டுக்குங்க மாஸ்டர். என் அளவு எப்பவும் அதுதான்."

"நோட்டுல போட்டுக்கலாம் சார். பேன்ட் ஒத்துக்காது. அளவுல மட்டும் பொய் கூடாது."

மெக்கானிக் பேனாவை நிறுத்தி மாஸ்டரை ஏறிட்டுப் பார்த்தார். "நல்லாச் சொன்ன. எழுதிக்கறேன்."

நிஜமாகவே எழுதியிருந்தார். துணி வெட்ட நோட்டைத் திறந்த மாஸ்டர், அதிகாரியின் இடுப்புக்குக் கீழே தன் வாக்கியத்தைத் தேதியோடு கண்டார். அன்று மூன்று முறை கத்தரியை எடுத்து மூன்று முறை கீழே வைத்தார்.

கணக்கெடுப்பின் முதல் நாள், முதல் வீடு அவர்களுடையது. கணக்கெடுப்பாளர், படிவத்தோடு வந்த கணக்கு டீச்சர். பின்னாலேயே முப்பத்தெட்டு அங்குல உண்மையில் கம்பீரமாக அதிகாரி, அவருக்குப் பின்னால் புகைப்படக்காரர். மெக்கானிக் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். கிளம்புவது போலவும் இருந்தது, கிளம்பாதது போலவும் இருந்தது.

"சார், நீங்க ரெண்டு பேரும் வெளிய நிக்கணும்," என்றார் டீச்சர்.

"நான் யார் தெரியுமில்ல?"

"தெரியும் சார். பதில் சொல்லும்போது மூணாவது ஆள் கூடாதுன்னு சுற்றறிக்கை அனுப்பினதே நீங்கதான். ஏழாவது விதி."

தன் விதியைத் தானே மீற முடியாமல் அதிகாரி புகைப்படக்காரரோடு மாடிப்படியில் போய் நின்றார். டீச்சர் கதவைச் சாத்தினார்.

"இங்க சொல்றது யார் காதுக்கும் போகாது. நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன். அஞ்சாவது கேள்வி. வீட்டுல இருக்கிற இன்னொருத்தர் உங்களுக்கு என்ன உறவு?"

மாஸ்டர் மெக்கானிக்கின் தோளைப் பார்த்தார். பை இன்னும் அங்கேயே தொங்கியது. பிறகு, அளவு கூவும் அதே குரல் தானாக வந்தது.

"துணைவர். இருபத்திரண்டு வருஷம்!"

டீச்சர் நிமிராமல் எழுதினார். கதவுக்கு வெளியே யாரோ செருமினார்கள்.

"மாஸ்டர், கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க," என்றது அதிகாரியின் குரல். "ரகசியம் போயிடும்."

மெக்கானிக் பையைக் கீழே இறக்கி வைத்தார். ஜன்னலை அகலத் திறந்தார்.

"எனக்குச் சரியாக் காதுல விழலை," என்றார். "இன்னொரு தடவை சொல்லு."