டாக்டர் விட்டுப்போன சீட்டு

எங்கள் சித்தூர் சபையில் வெள்ளைக்கார மிஷன் டாக்டர் துரை வைத்ததை யாரும் நகர்த்த மாட்டோம். அவர் சொந்த ஊருக்குக் கப்பலேறி ஒரு வருஷமாகியும் ஆலயத்தில் அவருடைய நாற்காலி அவர் விட்ட மூலையிலேயே இருந்தது. அவருடைய அம்பாசிடரை வாங்கிய நானும் அதே பக்தியோடு முன்சீட்டைத் தொடவில்லை.

அவர் ஆறடி இரண்டங்குலம். நான் செருப்போடு சேர்த்து ஐந்தடி ஓரங்குலம். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, கால் கட்டைவிரலால் பிரேக்கைத் தடவிக்கொண்டே ஓட்டினேன். ரோட்டில் பார்க்கிறவர்களுக்குத் தலையணைதான் ஓட்டுகிறது என்று தோன்றியிருக்கும். எனக்கோ டாக்டரே ஓட்டுவதாக நினைப்பு.

1968ல் என் மனைவி ஜெயசீலிக்கு ஏழு மாதம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வந்த பிள்ளை. திருப்பதி ஆஸ்பத்திரியில் காட்டக் கிளம்பினோம். பஸ் குலுக்கும், நானே பத்திரமாகக் கூட்டிப்போகிறேன் என்று பெருமை பேசியவன் நான்தான்.

சந்திரகிரி தாண்டியதும் ஒரு எருமை மந்தை ரோட்டில் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். தலையணை அமுங்கியதே தவிர பிரேக் அமுங்கவில்லை. இன்னும் எட்டி மிதிக்கப் போய் ஸ்டியரிங்குக்குக் கீழே சரிந்தேன். நான் சாய்ந்த பக்கமே காரும் திரும்பி, ஓரத்து மணல்மேட்டில் ஏறி நின்றது. எருமைகள் அவசரமில்லாமல் கடந்துபோயின.

ஜெயசீலி ஒரு கையால் டாஷ்போர்டையும் மறு கையால் வயிற்றையும் பிடித்திருந்தாள்.

"அடி கிடி பட்டுதா?" என்றேன்.

"இல்ல. உதைக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் பாதி, வெட்கத்தில் பாதி.

"இந்தச் சீட்டு நகருமா?" என்று கேட்டாள்.

"நகரும். கீழ கம்பி இருக்குது."

"பின்ன ஏன் நகர்த்தல?"

"டாக்டர் வெச்ச எடம்."

"தையல் மிஷின்ல கால் எட்டலன்னா நான் ஸ்டூலைத்தான் கிட்ட இழுத்துப் போட்டுக்கினு தைப்பேன். முதுகுல தலகாணி வெக்க மாட்டேன்."

கம்பியைத் தூக்கி சீட்டை முன்னால் தள்ளினேன். டக்கென்று மாட்டியது. ஆட்டிப் பார்க்கச் சொன்னாள், ஆட்டினேன். இப்போது பிரேக்கை முழுக்க மிதித்தும் முழங்கால் சற்று மடங்கியே இருந்தது, முதுகும் சீட்டிலேயே சாய்ந்திருந்தது. இத்தனை மாதம் ஓட்டிய எனக்கு பிரேக்கின் அடி எங்கே இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்தது.

ஆனால் முன்சீட்டு முழுக்க ஒரே பெஞ்சு. அவள் பக்கமும் கூடவே முன்னால் போய், அவள் வயிற்றுக்கு இடமில்லாமல் ஆனது. இறங்கிப் பின்சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் பின்கதவைத் திறந்து அவளுக்குக் கும்பிடு போட்டார். டிரைவர்கள் எல்லாரும் வேப்பமரத்தடியில்தான் வண்டியை விடவேண்டும் என்று தெலுங்கும் தமிழுமாக எனக்கு உத்தரவு போட்டார். பிறகு, "சார் வரலியா?" என்று கேட்டார்.

ஜெயசீலி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சார் சந்திரகிரிகிட்டயே எறங்கிட்டாரு," என்றேன்.