அறுபத்தோராம் காட்சி

மூத்தவளை 'அக்கா' என்று கூப்பிட ஆளில்லாமல் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அவள் எழுதிய நாவல் வெளிவந்த வாரமே தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டிருந்தால் சமாதானத்துக்காவது ஒரு வழி இருந்திருக்கும். அவளோ போனை எடுக்காமலே இருந்துவிட்டாள்.

நாவலில் வந்தது வீட்டில் நடந்ததுதான். அப்பா அப்போது வெளிநாட்டில் ஒரு மரக்கிடங்கு மேலாளர்; வீடும் கிடங்கை ஒட்டித்தான். ஒருநாள் சின்னவளை பெல்ட்டால் விளாசியதில் அவள் படியில் உருண்டு கை முறிந்தது. கிடங்கில் பலகை தூக்கும் கறுப்பினத் தொழிலாளி ஒருவர்தான் அவளை வாரியெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கையில் அழும் பிள்ளை, சட்டையில் ரத்தம், நிறமோ கறுப்பு. போலீசுக்கு அதற்குமேல் விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒன்பது வருஷத் தண்டனை. ஆறாவது வருஷத்தில் அவர் சிறையிலேயே கண்ணை மூடினார்.

இப்போது அதைப் படமாக எடுக்கிறார்கள். திரைக்கதையின் ஒவ்வொரு காட்சிக்கும் மூத்தவளின் கையெழுத்து வேண்டும் என்பது ஒப்பந்தம். அறுபது காட்சிகளுக்கு மளமளவென்று போட்டாள். அறுபத்தொன்றில் பேனா நின்றது. அதில் அடித்தது அப்பா இல்லை. சுவரேறிக் குதித்த யாரோ ஒரு திருடன். கடைசியில் திருடன் பிடிபட, தொழிலாளி விடுதலையாக, அப்பா அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

"பெத்த அப்பனையே வில்லனாக்கினா குடும்பத்தோட எவன் வருவான் மேடம்? பாப்கார்ன்கூட விக்காது" என்றார் தயாரிப்பு நிர்வாகி. ஒரு வாரம் யோசிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் தங்கையிடமிருந்து போன். மாற்றின காட்சியைக் கம்பெனிக்காரர்களே அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள். நேற்று விட்ட பேச்சைத் தொடர்பவள்போல முழங்கால் வலியையும் மருமகளின் வாய்த்துடுக்கையும் சொல்லிக்கொண்டே போனாள். இணைப்பு அறுந்துவிடுமோ என்று மூத்தவள் போனை மறு காதுக்கு மாற்றக்கூடப் பயந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு வாரம் தங்கப்போவதாகத் தங்கை சொன்னாள்.

"இன்னும் குறட்டை விடுறியா? சொல்லிடு, காதுக்குப் பஞ்சு கொண்டுவரேன்."

மூத்தவள் சிரித்தாள். தன் சிரிப்பே அந்த வீட்டில் அவளுக்குப் புதிதாகக் கேட்டது.

"கையெழுத்து போட்டுட்டதானே?" என்று மெல்லக் கேட்டாள் தங்கை.

"இன்னும் இல்ல."

"முறிஞ்சது என் கை. நானே விட்டுட்டேன். உனக்கென்னக்கா?"

நியாயமான கேள்விதான்.

"இவன்தானான்னு போலீஸ் கேட்டப்ப, ஆமான்னு தலையாட்டினது நான்."

"பன்னெண்டு வயசு உனக்கு. பக்கத்துல அப்பா நின்னாரு."

"இப்ப யாரும் நிக்கலையே."

ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் கிடைக்குமா தெரியவில்லை, பார்த்துச் சொல்வதாகத் தங்கை சொன்னாள். பொய் சொல்லும்போது அவள் குரல் இப்படித்தான் குழையும். மூத்தவள் சரி என்றாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

வாரக் கடைசியில் நிர்வாகி வந்தார். கையெழுத்து விழாத தாளைப் புரட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். படம் நின்றாலும் நின்றுவிடும் என்றார். அவள் தெரியும் என்றாள். காபியை மடக்கென்று குடித்துவிட்டு அவர் எழுந்தபோது, இன்னொரு கப் போடட்டுமா என்று கேட்டாள். அவருக்கு வேறு வேலை இருந்தது.