பேய்த்தேர்

"அந்த ஸ்டூல்ல யாராவது உட்கார்ந்திருக்காங்களாடி?" என்று அம்மா ஒருநாள் என்னைக் கேட்டாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, ஊசியில் நூல் இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டாள். ஸ்டூலில் வெட்டிப்போட்ட துணித்துண்டுகள்தான் கிடந்தன. இல்லை என்றேன். "சும்மா கேட்டேன்" என்று காலரைத் திருப்பிப் பிடித்தாள்.

அம்மாவின் பார்வையில் நடுவில் மட்டும் மங்கல். ஓரத்தில் கொஞ்சம் தெரியும், முகங்கள் தெரியாது. விரலால்தான் தைக்கிறாள். பேண்டின் கீழ்மடிப்பு, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது மாதிரி வேலைகள். நூல் கோர்ப்பதும் பழைய தையலைப் பிரிப்பதும் நான். பள்ளிக்கூடம் போவது நின்றபிறகு எனக்கு இந்த அறையே போதும் என்றாகிவிட்டது. யாராவது துணி கொண்டுவந்தால் திரைக்குப் பின்னால் போய்விடுவேன். "நாக்கை எங்கயாவது அடகு வெச்சிருக்கியா?" என்பாள் அண்ணி.

அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போகும்போது பாப்பாவை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அம்மாவுக்குப் பொழுது விடிவதே அப்போதுதான். அவள் பாப்பாவின் முகத்தைப் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து விரலால் தடவி அறிந்ததுதான். மூக்கு அண்ணனுடையது, பிடிவாதம் அண்ணியுடையது என்பாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்னிடம் சொன்னாள். ஸ்டூலில் தொப்பி போட்ட ஒருவர் வந்து உட்காருகிறார். ஜன்னலில் இரண்டு பெண்கள் தலை உலர்த்துகிறார்கள். ஒருதடவை கட்டைவிரல் உயரத்தில் மனிதர்கள் மெஷின் மேல் வரிசையாக நின்றார்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி. ஒருவரும் பேசுவதில்லை. அதனால் அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். யார் தெரிந்தாலும் "வாங்க" என்பாள். பதில் வந்தால் ஆள் உண்டு, வராவிட்டால் இல்லை.

"உங்கண்ணன் காதுக்குப் போயிடக்கூடாது. பைத்தியம்னு நினைச்சுப் பாப்பாவை விடமாட்டான். நீ வாயைத் திறக்காதே."

"நான் எப்பம்மா திறந்தேன்?"

கண் மருத்துவமனைக்குச் சொட்டுமருந்து வாங்கப் போனபோது நர்ஸம்மாவிடம் கேட்டேன். அதற்குத் தைரியம் வருவதற்குள் எனக்குப் பின்னால் நின்ற எல்லோரையும் முன்னால் விட்டிருந்தேன். "பார்வை குறைஞ்சா சில பேருக்கு வரும்மா. கண்ணு அனுப்பாததை மூளையே வரைஞ்சுக்கும். புத்திக்கு ஒண்ணுமில்ல, அம்மாவை ஒருதடவை கூட்டிட்டு வா" என்றார். கூடவே நீளமான ஒரு வெளிநாட்டுப் பெயரும் சொன்னார். படியிறங்குவதற்குள் அது உதிர்ந்துவிட்டது.

நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருக்காதா என்று என் பள்ளிக்கூட அகராதியைப் புரட்டினேன். மாயத்தோற்றம் என்று இருந்தது. அதை வைத்து அம்மாவிடம் எப்படிப் பேசுவது? இன்னும் புரட்டியபோது பேய்த்தேர் வந்தது. பொருள்: கானல்நீர். வெயிலில் தரைமேல் நெளியும் பொய்த்தண்ணீர்.

வாசித்துக் காட்டினேன். "பேயா? வேற நல்ல பேரு கிடைக்கலியா உனக்கு?" என்றாள்.

"தேரும் இருக்கும்மா."

"தேர் வந்தா எங்கடி நிறுத்துறது? ஸ்டூலுக்கே இடமில்ல." சிரித்துவிட்டு, சற்றுப் பொறுத்துக் கேட்டாள். "யாரு வெச்சிருப்பாங்க இந்தப் பேரை?"

எனக்குத் தெரியாது. தோன்றியதைச் சொன்னேன். "வெயில்ல நடந்துபோன ரெண்டு பேரா இருக்கும். ஒருத்தன் பார்த்துட்டுப் பயந்துபோய்ச் சொல்லாம வந்திருப்பான். இன்னொருத்தன், 'அதோ தேர் மாதிரி அசையுதே, உனக்குத் தெரியுதா?'ன்னு கேட்டிருப்பான். கிட்டப் போனா ஒண்ணுமில்ல. அப்ப பேயோட தேர்தான்னு சொல்லியிருப்பாங்க. ஒருத்தனே பார்த்திருந்தா பேரே வந்திருக்காது."

"அது ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுது" என்றாள் அம்மா. "இது எனக்கு மட்டும்தானே தெரியுது."

அகராதியை மூடிவிட்டு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தேன்.

ஒரு மதியம் அண்ணன் வந்தான். வழக்கமாகப் படியிலேயே "அம்மோவ்" என்று கத்துகிறவன். அன்று பாப்பா துணிக்குவியலில் தூங்குவது வாசலிலிருந்தே தெரிந்ததால் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைத் தூக்கி நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"வாங்க" என்றாள் அம்மா.

அண்ணன் உதட்டில் விரலை வைத்து, பாப்பாவைக் காட்டினான். அம்மாவுக்கு அது தெரியாது என்பதை மறந்துவிட்டான்.

பதில் வரவில்லை. அம்மா மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். "நீயும் பேசாத ஆள்தானா? சரி, இருந்துட்டுப் போ. நேத்து வந்தவர் தொப்பியைக்கூடக் கழட்டல. நீ தேவலை."

அண்ணன் சிரிக்கப் போனான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒண்ணே ஒண்ணு. என் பையன் இருக்கும்போது வந்துடாதே. நான்பாட்டுக்கு வாங்கன்னு சொல்லிடுவேன். அவன் நல்லவன்தான். ஆனா பயந்தாங்கொள்ளி, பல்லியைப் பார்த்தாலே என் புடவைக்குப் பின்னால ஒளிஞ்ச பய. தெரிஞ்சா பாப்பாவைத் தூக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் இந்த ரூம்ல உங்களையெல்லாம்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும்."

நான் எழுந்தேன். அண்ணன் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான். பேசாதே என்றது அந்தக் கை. பாப்பா புரண்டது. அம்மா மெஷினை நிறுத்தாமலே இடதுகையை நீட்டி, விலகிய துணியை நேராக அதன் காலுக்கு இழுத்துவிட்டாள். கை துழாவவே இல்லை. அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் எழுந்தபோது ஸ்டூல் கிறீச்சிட்டது. அம்மாவின் கால் நின்றது. ஸ்டூல் பக்கம் முகத்தைத் திருப்பி, "கிளம்பியாச்சா?" என்றாள். குரல் சின்னதாகியிருந்தது.

அண்ணன் வாசலில் நின்று பாப்பாவை ஒருமுறை, அம்மாவை ஒருமுறை பார்த்தான். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாப்பாவைத் தூங்கவிட்டுவிட்டு, வெறுங்காலோடு படியிறங்கிப் போனான்.