காயவைக்கும் அலமாரி

வாரக் கடைசியில் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களுக்குக் களிமண் பொம்மை செய்யக் கற்றுக்கொடுப்பவள் அவள். எல்லோருக்கும் டீச்சர். செய்ததை அலமாரியில் காயவைத்துவிட்டுப் போவார்கள். அவள் அதைச் சூளையில் சுட்டு அதே அலமாரியில் வைத்தால், மறுவாரம் வந்து எடுத்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளாகப் பொம்மைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அதுவும் நல்லதாகப் பார்த்து.

சபாரிக்காரர் மேல்தான் டீச்சருக்குச் சந்தேகம். எப்போதும் அதே சாம்பல் நிறச் சபாரி. பேருக்கு மண்ணை உருட்டுவார். பார்வை அலமாரிக்கும் டீச்சருக்குமாக அலையும். வகுப்பு முடிந்த பிறகும், டீச்சர் அலமாரியைப் பூட்டும்வரை, கை கழுவுகிற சாக்கில் குழாயடியிலேயே நிற்பார். தோளில் துணிப்பை வேறு.

அன்று ஒரு பெண்மணி செய்த மீனைக் காணோம். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் போனதும் சபாரிக்காரரை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சார், பையைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

அவர் முகம் சுண்டியது. பையை மேஜைமேல் கவிழ்த்தார். குடை, கண்ணாடிக்கூடு, மாத்திரை அட்டை.

"போதுமா? இப்ப உங்க பையைக் கவிழுங்க."

"என் பையையா?"

"பின்னே? என் வீட்டுக்காரி ஆசை ஆசையா ஒரு யானை செஞ்சா. மறுவாரம் வந்து பார்த்தா இல்ல. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்னுட்டா. அலமாரிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு? அதான் வந்து வந்து உங்களையே பார்த்துக்கிட்டிருக்கேன்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, தன் பையையும் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா உருண்டோடியது. அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: "வேற யார்கிட்டம்மா சாவி இருக்கு?"

"கீழ பரிசுக்கடை மேனேஜர்கிட்ட ஒண்ணு…"

இருவரும் படியிறங்கினார்கள். கடையின் கண்ணாடி அலமாரியில், விலைச்சீட்டோடு மீன் நின்றது. அதற்குப் பின்னால் யானை.

"கேட்டு யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சேன்," என்று மேனேஜர் இழுத்தார். இயக்குநரின் அறையில் அந்தச் சாக்கு எடுபடவில்லை; சாவியையும் வேலையையும் விட்டுவிட்டுப் போனார்.

மறுவாரம் சபாரிக்காரர் மனைவியோடு வந்தார். டீச்சர் ஓடிப்போய் நாற்காலி இழுத்துப் போட்டாள், மன்னிப்பும் கேட்டாள். அந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மண்ணைப் பிசைந்தாள். பிறகு கணவர் காதருகே குனிந்து, டீச்சர் காதிலும் விழும்படி கேட்டாள்:

"இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாதுங்கிறதை நீங்க நம்புறீங்களா?"