நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அந்துப்பூச்சி

பூச்சிகள், காட்டுயிர்கள், செடிகொடிகள் என்று பதினான்கு புத்தகம் எழுதியவருக்குக் கரப்பான்பூச்சியைக் கண்டால் கால் நடுங்கும் என்று வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும். குளியலறையிலிருந்து "கொஞ்சம் இங்க வாயேன்" என்று குரல் வந்தால் அவர் மனைவி துடைப்பத்தோடுதான் போவாள். புத்தகங்களின் பின்னட்டையிலோ மனிதர் தொப்பியும் தொலைநோக்கியுமாக அடிவானத்தை முறைத்துக்கொண்டிருப்பார். அந்தப் புகைப்படம் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எடுத்தது. கொடியில் காய்ந்த துணிகளை ஒதுக்கிவிட்டு அதை எடுத்தவள் மனைவியின் தங்கை.

அந்தத் தங்கையின் கதைதான் இது. நாற்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் சொல்வார்கள். அக்காள் புருஷனின் புத்தகங்களில் உள்ள படம் அத்தனையும் அவள் வரைந்தவை. அத்தானிடம் ஓர் அலமாரி நிறையப் பெட்டிகள் இருந்தன, மூடிப்போன ஏதோ கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்தவை. திறந்தால் பாச்சை உருண்டை வாசனை, உள்ளே வரிசை வரிசையாக ஊசி குத்திய பூச்சிகள். அவர் பெட்டியைப் பார்த்து எழுதுவார், அவள் பெட்டியைப் பார்த்து வரைவாள். அவர் சுற்றித் திரிந்த காடெல்லாம் அந்த அலமாரிக்குள்தான் இருந்தது.

வெட்டுக்கிளியின் பின்னங்கால் முள்ளைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணி எண்ணிப் போட்டவளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. "படங்கள்: ஆசிரியரின் சேகரிப்பு" என்று பொடி எழுத்தில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். அவளுக்கு இருந்ததே ஒரே ஒரு ஆசை. ஒவ்வொரு தடவையும் வாய்விட்டே கேட்டாள்.

"அத்தான், இதுலயாவது என் பேர் வருமா?"

"அடுத்த புத்தகத்துல பாத்துக்கலாம்மா. இதுல இடமில்ல."

பதினான்கு புத்தகமாக இடமில்லையாம். அந்தத் தொப்பிக்கு மட்டும் ஒவ்வொன்றிலும் முழு அட்டை கிடைத்தது. சின்னவளுக்கு வயிறு எரியும், ஆனாலும் அடுத்த பெட்டியைத் திறந்து பென்சிலைச் சீவிக்கொள்வாள்.

முதல் புத்தகம்தான் இருப்பதிலேயே பெரியது. ஐந்து பதிப்பு கறுப்பு வெள்ளையில் வந்து, ஆறாவது வண்ணத்தில் வரப்போகிறது என்றதும் அவள் எட்டு மாதம் உட்கார்ந்து முன்னூற்று நாற்பது படங்களுக்கும் வண்ணம் தீட்டிக் கொடுத்தாள். ஆயிரம் பிரதி பைண்டிங் முடிந்து பதிப்பகத்தில் அடுக்கியாயிற்று. வெளியீட்டு விழாவுக்குப் பத்து நாள் இருந்தது.

அன்று காலை அக்காள் வீட்டுச் சமையலறை ஜன்னல் கம்பியில் ஓர் அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. இளம் இலைப் பச்சை. சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியோடு கிட்டே போனாள். இறக்கையில் இரண்டு வெள்ளைக் கோடு, விளிம்பில் பழுப்புப் புள்ளி. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவாளே, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து ஆசாமி அல்லவா இது! ஆனால் அவள் தீட்டியது மஞ்சள். பெட்டியில் இருந்ததும் மஞ்சள்தான். ஊசியில் கிடந்து வருஷக்கணக்கில் வெளுத்தால் பச்சை மஞ்சளாகிவிடும் என்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

அத்தானைக் கூப்பிட்டாள். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

"கடிக்குமா?"

"அந்துப்பூச்சி அத்தான். கடிக்காது."

"பச்சையா இருக்கே. என் புத்தகத்துல இல்லாத பூச்சி. புது இனம்! என் பேரையே வெச்சிடலாம்."

பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் கோடு கோடாக, புள்ளி புள்ளியாகக் காட்டினாள். மனிதர் முகம் சுருங்கிப்போயிற்று. ஆயிரம் பிரதியில் தப்பு. பள்ளிக்கூட நூலகங்களுக்கெல்லாம் போகவேண்டிய புத்தகம்.

மறுநாள் பதிப்பாளர் அறையில் கூடினார்கள். மறுபடி அச்சடிப்பது ஆகாத காரியம், ஒரு திருத்தச் சீட்டு ஒட்டிவிடலாம் என்று முடிவானது. அத்தான் வீட்டிலேயே எழுதிவந்திருந்த வாசகத்தைப் பதிப்பாளர் சின்னவளிடம் நீட்டினார்.

"பக்கம் 112இல் உள்ள பூச்சியின் நிறம் பச்சை. அதை மஞ்சளாகத் தீட்டியது ஓவியரின் பிழை" என்று இருந்தது. அடுத்து அவள் பெயர். முதலெழுத்தோடு, முழுசாக.

பதினான்கு புத்தகத்தில் இல்லாத இடம் விரல் அகலச் சீட்டில் கிடைத்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். எழுந்து அந்தத் தொப்பித் தலையில் பசை டப்பாவைக் கவிழ்த்துவிடலாமா என்று வந்தது அவளுக்கு. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை இவர்கள் பார்க்கக்கூடாதென்று மேஜையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினாள். 112ஆம் பக்கம். எதிர்ப்பக்கத்தில் அத்தானின் எழுத்து:

"அதிகாலைப் பனியில், ஒரு சாண் தூரத்தில், அசையாமல் அமர்ந்திருந்த இந்த அந்துப்பூச்சியை என் இரு கண்ணாலும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுத்த எலுமிச்சையின் மஞ்சள்!"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அத்தானுடையது ஐந்து பதிப்பு தாங்கியிருந்தது. என்ன எழுதினோம் என்பதே மனிதருக்கு மறந்துபோயிருக்கவேண்டும்.

"அத்தான், எழுத்துலயும் ஒரு..." என்று ஆரம்பித்தாள்.

"எழுத்தைப் பத்தி நீ பேசாத. உன் வேலை படம். படத்துல தப்பு, ஒத்துக்கிட்டுப் போயேன். குடும்பத்துக்குள்ள என்ன வந்தது?"

பதிப்பாளர் தலையைச் சொறிந்தார். "ஒட்டறதுக்குத்தான் ஆள் இல்ல மேடம்."

"நானே ஒட்டறேன்" என்றாள் சின்னவள்.

"பாத்தீங்களா, தங்கமான பொண்ணு" என்றார் அத்தான்.

எட்டு நாள் பதிப்பகத்துப் பின்னறையில் உட்கார்ந்து தங்கமான பெண் ஆயிரம் சீட்டையும் ஒட்டினாள். சீட்டில் 112 என்று போட்டிருந்ததே தவிர, எந்தப் பக்கத்தில் ஒட்டவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 113இல், எலுமிச்சைக்கு நேர் கீழே, கோணாமல் ஒட்டினாள்.

"ஒட்டியாச்சா?" என்று அத்தான் ஒரு தடவை ஃபோனில் கேட்டார். "ஆச்சு அத்தான்" என்றாள். அவர் வந்து பார்க்கவில்லை.

விழாவில் அத்தான் தொப்பியோடு வந்தார், கூரைக்குக் கீழேயும் கழற்றவில்லை. பூச்சிகளோடு தான் கழித்த விடியற்காலைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். முன்வரிசையில் அக்காள் கொட்டாவியைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்கலாம் என்றதும் ஒரு பள்ளி நூலகர் அம்மாள் புத்தகத்தை விரித்தபடி எழுந்தாள்.

"சார், நிறத்தைத் தப்பாப் போட்டது ஓவியர்னு சீட்டுல இருக்கு. அதுக்கு மேலயே, ஒரு சாண் தூரத்துல என் ரெண்டு கண்ணால பாத்தேன், மஞ்சள்னு நீங்க எழுதியிருக்கீங்க. பிள்ளைங்க கேட்டா நான் என்ன சொல்றது? நீங்க பாத்தது எந்தப் பூச்சியை?"

மேடையில் அத்தான் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். படித்தார். இருமினார்.

"அது... விடியற்காலை வெளிச்சத்துல... நிறம் சம்பந்தப்பட்டதெல்லாம் ஓவியர்தான் சொல்லணும்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பதிப்பாளர் வேறு வழியில்லாமல் சின்னவளின் முழுப்பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி எழுந்திருக்கச் சொன்னார். கடைசி வரிசையில் எழுந்தாள். முன்வரிசை வரை கேட்கும்படி பேசினாள்.

"என் தப்புதாங்க. செத்து வருஷக்கணக்கான பூச்சியைப் பாத்து வரைஞ்சேன். நிறம் வெளுத்துப்போயிருக்கும்னு தெரியல. உயிரோட பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"சார் உயிரோடதானே பாத்திருக்கார்?"

"அவரும் அதே பெட்டியைத்தாங்க பாத்தார்."

எங்கோ ஒருவர் சிரித்தார், பிறகு அரங்கமே சிரித்தது. அக்காளும் கைக்குட்டைக்குள் சிரித்தாள், அதைச் சின்னவள் பார்த்தாள்.

நூலகர் அம்மாள் உட்காரவில்லை. "அப்போ மீதிப் படமெல்லாம்?"

"அதுவும் நான்தான். முன்னூத்து நாப்பதும்."

கூட்டம் முடிந்ததும் அத்தான் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். நூலகர் அம்மாள் அவரைத் தாண்டிக் கடைசி வரிசைக்கு வந்து புத்தகத்தைச் சின்னவளிடம் நீட்டினாள்.

"ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எங்க போடறது?" என்றாள் சின்னவள்.

"உங்க பேர் எங்க இருக்கோ அங்கயே போடுங்க."

அது ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. சின்னவள் பக்கத்தைப் பிரித்து, ஓவியரின் பிழை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். நூலகர் அம்மாளுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.