பதில் வரும் வரை

“பேனாவ விடு. நேரமாச்சு, நானே எழுதிடறேன்.”

அக்கா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, எங்கேயாவது வலிக்கிறதா என்று பதினான்கு கேள்விகள். அடுப்பில் பால் பொங்குவதற்குள் அத்தனைக்கும் பதில் எழுதிவிட்டாள். வலிக்கு ‘இல்லை’ என்று போட்டாள். மேசையோரம் நின்ற தம்பி, வழக்கம்போல் வலது விலாவுக்குக் கீழே முஷ்டியை அழுத்திக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வயது முப்பத்தெட்டு. ஆட்டிசம். ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கும் இடத்தில் மடிக்கிற வேலை. ஓரம் அரை விரல்கூடப் பிசகாது. அக்கா ரெடிமேட் துணி கம்பெனியில் தையல்காரி. அம்மா போனபின் பன்னிரண்டு வருஷமாக அவனுக்கு வாயே அவள்தான். அலுத்துப்போயிருந்தாள், அதைச் சொல்லிக்கொள்ளவும் ஆளில்லை.

விலாவை அழுத்துவது இரண்டு வருஷமாக நடக்கிறது. மூன்று முறை சுகாதார நிலையத்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். மூன்று முறையும் டாக்டர் அவளைப் பார்த்தே பேசினார். “இந்த மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் சகஜம்மா.” நாம் இப்படித்தான். நோயாளியை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, கூட வந்தவரிடம் நோயை விசாரிப்போம்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கென்று தனியாக ஓர் உடல் பரிசோதனை நடத்தினால் பயன்படுமா என்று அதே சுகாதார நிலையத்தில் இப்போது ஆறு மாதம் சோதித்துப் பார்க்கிறார்கள். அதற்குத்தான் அந்தப் படிவம். அவர்கள் போனபோது அங்கிருந்த நர்ஸம்மா, அவனுக்குக் கண் கூசாமலிருக்க டியூப்லைட்டை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்.

“இத யார் எழுதினது?”

“நான்தாங்க. அவனுக்கு எழுத நேரமாகும்.”

படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவனிடம் திரும்பினார். “உங்களுக்கு எங்கயாவது வலிக்குதா?”

அவன் சுவரைப் பார்த்தான்.

“ஒண்ணும் இல்லீங்க, அது அவன் பழக்கம்...”

“கொஞ்சம் இருங்கம்மா. அவர் பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்கணும்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க.”

கடிகாரத்தின் நொடி முள் ஒரு சுற்று முடித்தது. அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. அரை நாள் லீவுதான். தாமதமானால் சூப்பர்வைசர் கடித்துக் குதறுவார். முள் இன்னும் பாதிச் சுற்று போனபோது அவன் வாய் திறந்தான்.

“இங்க. சாப்பிட்டப்புறம் அதிகம். முதுகு வரைக்கும் போகும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்ச்லேர்ந்து.”

நர்ஸம்மா அதே டாக்டரை அழைத்துவந்தார். பித்தப்பையில் கல்லாக இருக்கலாம், நாளைக்கே ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதினார். எழுதியபடியே அக்காவைக் கேட்டார்: “ஏம்மா, முன்னாடியே வந்து சொல்லக்கூடாதா?”

மூன்று முறை வந்ததைச் சொல்லிச் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை.

“அடுத்த வருஷமும் இப்பிடி வரலாமா?” என்று நர்ஸம்மாவிடம் மட்டும் கேட்டாள்.

“தெரியலம்மா. இது தேவையான்னு மேல முடிவு பண்ணணும்.”

வெளியே வந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. “ஏன்டா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? உனக்கு எங்க அதெல்லாம் தெரியப்போகுது!” என்று அவளே முடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தபிறகு அவன் பதில் சொன்னான். “நீ கேட்ட. நான் சொல்றதுக்குள்ள நீயே சொல்லிட்ட.”

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அவள் பக்கமே திரும்பியது.

“இப்ப வலிக்குதா?”

பஸ் வந்தது. “ஏறுங்கம்மா, ஏறுங்க!” என்று கண்டக்டர் கத்தினார். அவள் அசையவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் ஆகும். பஸ் கிளம்பி, திருப்பத்தில் மறைந்தது.

“வலிக்குதுக்கா” என்றான் தம்பி.