மகிழ்ச்சியான முதிய தம்பதி, சன்னலருகே

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அக்காவின் கணினித் திரையிலிருந்து சுட்டது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

திரையில் ஒரு பட்டியல் இருந்தது. 'வாங்குபவர்கள் இந்த மாதம் அதிகம் தேடுவன' என்று தலைப்பு. மூன்றாவது வரி: 'மகிழ்ச்சியான முதிய தம்பதி, வீட்டில், இயல்பாக.' அக்கா அந்த வரியை விரலால் தட்டினாள்.

"நம்ம வீட்லயே ஒரு ஜோடி சும்மாதானே இருக்கு?"

எங்கள் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

'மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அந்த இளம் புகைப்படக் கலைஞர் தன் கேமராவை

வேண்டாம். மழையே இல்லை. அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. கலைஞர் என்று எழுதினால் அவளே என்னை உதைப்பாள். பதினான்கு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக, மோதி நசுங்கிய கார்களைப் படமெடுத்தவள் அவள். 'வண்டி வைத்திருப்பவர்களே கைபேசியில் எடுத்து அனுப்பிவிடலாம்' என்று நிறுவனம் முடிவு செய்த அன்று வேலை போனது.

அதன்பிறகு எலுமிச்சம்பழம், சாவிக்கொத்து, என் காலி நாற்காலி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து, இணையத்தில் படம் விற்கும் ஒரு தளத்தில் ஏற்ற ஆரம்பித்தாள். விளம்பரம் செய்பவர்களோ பத்திரிகைக்காரர்களோ ஒரு படத்தை இறக்கிக்கொண்டால் இவளுக்குச் சிறு பங்கு கிடைக்கும். ஆறு மாதத்தில் கிடைத்ததை வைத்து ஒரு நல்ல கேமரா பைகூட வாங்க முடியாது. வருகிற திங்கட்கிழமைக்குள், ஒரு கார் ஷோரூமின் வரவேற்பு மேசை வேலைக்கு 'சரி' சொல்லியாக வேண்டும். அவள் கையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

3

[இங்கே மௌனத்துக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். தயங்குகிறேன்.]

அம்மாவின் தையல் மிஷினை அவளிடம் கேட்காமல் அப்பா விற்றுவிட்டார். அவ்வளவுதான்.

(தையல் மிஷின் என்று எழுதினால், 'ஆகா, கிழிந்த உறவின் குறியீடு' என்பார்கள். நான் என்ன செய்ய? விற்றது தையல் மிஷின்தான். மிக்ஸியை விற்றிருந்தால் மிக்ஸி என்று எழுதியிருப்பேன்.)

4

ஞாயிறு காலை பத்து மணி. கூடத்துச் சன்னலின் திரையைக் கழற்றி, வெளிச்சம் திரும்பி விழ ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை என் கையில் கொடுத்தாள் அக்கா. அப்பாவின் சட்டைப் பையில் கம்பெனி முத்திரை இருந்தது. படத்தில் அது தெரியக்கூடாதாம், சட்டையைத் திருப்பிப் போடச் சொன்னாள். இருவரையும் சோபாவில் ஒட்டி உட்காரவைத்தாள்.

"ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிங்க."

"எனக்குச் சிரிப்பு வரலன்னு உங்கப்பாகிட்ட சொல்லு," என்றாள் அம்மா.

"எனக்கும் வரலன்னு சொல்லு," என்றார் அப்பா. இருவருக்கும் நடுவே நான்கு விரல் இடம்கூட இல்லை.

நூற்றைம்பது படம் ஆயிற்று. எல்லாமே அடையாள அட்டைக்கு எடுத்ததுபோல் இருந்தன. அக்காவின் நெற்றியில் வேர்வை.

"சும்மா எதையாவது பேசுங்க! குரல் பதிவாகாது. வாய் அசைஞ்சாப் போதும்."

அப்பா தொண்டையைச் செருமினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு..."

சத்தியமாக, எண்ணினார். பதினேழு வரை எண்ணினார். அங்கேதான் அது நடந்தது.

"யாருக்கு வித்தீங்க?"

அம்மாதான். நேராக, அவர் முகத்தைப் பார்த்து.

"பழைய சாமான் வண்டிக்காரருக்கு," என்றார் அப்பா, பதினெட்டுக்குப் பதிலாக.

"ஏன்?"

"நீ ஊசி கோக்க முடியாமக் கண்ணைக் கசக்கிக்கிட்டு உக்காந்திருந்த. தினம் தினம். என்னால அதைப் பாக்க முடியல. மிஷின் இல்லன்னா நீ நிம்மதியா இருப்பேன்னு நினைச்சேன்."

அம்மா அவரையே பார்த்தாள். "ஏங்க, அதுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கலாம்ல?"

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அது... தோணலையே!"

அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கோபத்தோடுதான் வந்தது. அவர் மூக்குக்கு நேரே விரலை நீட்டி, திட்ட வார்த்தை கிடைக்காமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பா கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் விழித்தார்.

அக்கா எடுத்துக்கொண்டே இருந்தாள். நூற்று அறுபத்து மூன்றாவது படத்தைப் பார்த்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாருடி! கிடைச்சிருச்சு! நசுங்கின பம்பரைப் படமெடுத்த கைடி இது!"

5

இங்கேயே முடித்திருக்கலாம். முதல் பிரதியில் முடித்தேன்: 'மூன்று வருட மௌனம் ஒரு நொடியில் கரைந்

பொய். எதுவும் கரையவில்லை. படத்தை விற்க அதில் இருப்பவர்களின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். அப்பா படிக்காமல் போட்டுவிட்டார். அம்மா அந்தத் தாளைக் கண்ணிலிருந்து எட்டத் தூக்கிப் பிடித்து, வரி வரியாகப் படித்தாள்.

"எதுக்கு வேணும்னாலும் பயன்படுத்தலாம்னு போட்டிருக்கு. படத்துக்கு என்ன பேரு வைப்ப?"

"மகிழ்ச்சியான முதிய தம்பதி."

"அப்ப நான் போடமாட்டேன். என் கோவம் போயிடுச்சுன்னு உலகமே நினைக்கும். போகல."

"அம்மா, அந்த வார்த்தை இல்லன்னா படத்தை யாரும் கண்டுபிடிக்கவே முடியாது. நாளைக்குத் திங்கட்கிழமைம்மா."

வாழ்நாள் முழுக்க வார்த்தைகளோடு மாரடித்தவள் நான். ஒரே ஒரு அடைமொழிக்காக இவ்வளவு உறுதியாக நான் நின்றதில்லை.

(இந்த இடத்துக்கு வேறு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அப்பா புது மிஷின் வாங்கி வருகிறார். வாசகர்கள் உருகுவார்கள், ஆனால் அவர் அப்படி வாங்குகிற ஆளே இல்லை. இன்னொன்றில் அம்மா தாளைக் கிழிக்கிறாள். அம்மா காகிதம் கிழித்து நான் பார்த்ததில்லை.)

நடந்தது இது. "எத்தனை வார்த்தை போடலாம்?" என்று கேட்டாள் அம்மா.

"ஐம்பது வரைக்கும்."

"மகிழ்ச்சி இருந்துட்டுப் போகட்டும். மத்ததை நான் சொல்றேன், எழுதிக்கோ. கோபம். சண்டை. மன்னிக்காதவள். காலை வெளிச்சம். நாற்பத்துமூணு வருஷம். முட்டாள்."

"முட்டாளும் போடு, சரியாத்தான் சொல்றா," என்றார் அப்பா, யாரும் கேட்காமலேயே.

அம்மா கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை அக்கா ஷோரூமுக்குத் தொலைபேசியில், "இல்லீங்க, நான் வரல. எனக்கு வேற வேலை இருக்கு," என்றாள். அந்தப் படத்தை அதுவரை யாரும் வாங்கியிருக்கவில்லை. தொலைபேசியை வைத்ததும் சமையலறைவரை குதித்துக்கொண்டே போனாள்.

6

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஒரே காலையில் மூன்று பேர் வாங்கியிருந்தார்கள்! ஒரு காது மருத்துவமனை, ஒரு பத்திரிகை, யாரென்று தெரியாத இன்னொருவர். வாங்கியவர்கள் எந்தச் சொல்லைத் தட்டித் தேடினார்கள் என்பதையும் அந்தத் தளம் காட்டும். மூவரும் தட்டியது ஒரே சொல்.

பாதி சவரத்தோடு அப்பா ஓடிவந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "தள்ளுங்க, எனக்குத் தெரியல," என்று அவரை இடித்தாள். இப்போதெல்லாம் தினமும் சண்டை போடுகிறார்கள், நேருக்கு நேர். வீடு ஒரே இரைச்சல். என்னால் ஒரு பக்கம் எழுத முடிவதில்லை.

இந்தப் பிரதியை நேற்று அம்மாவிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள்.

"எல்லாம் சரி. அந்தச் சொல்லை மட்டும் எடுத்துடு."

"ஏம்மா, கதையே அதுலதானே நிக்குது?"

"எழுதிட்டா நாங்க அதுதான்னு ஆயிடும். படிக்கிறவங்க எதைத் தேடி வந்தாங்களோ, அதை அவங்களே போட்டுக்கட்டும்."

எடுத்துவிட்டேன். மிச்சத்தை அப்படியே விட்டுவைக்கிறேன்:

அப்பா திரையின் பக்கம் குனிந்து, அம்மாவுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்: "